மூணாவது கார்டில் வளர்ந்தவள்

அந்த அடுக்குமாடியில் அவருக்குக் கார்டுக்காரர் என்று பெயர். குடிவந்த புதிதில் கீழ்வீட்டு அம்மா அவருடைய மனைவியை ஓரங்கட்டி, "ஏம்மா, உன் வீட்டுக்காரர் எந்நேரமும் கார்டு கார்டுங்கிறாரே, சீட்டாட்டமா?" என்று கேட்டுவிட்டார். மனைவி சிரித்த சிரிப்பில் மாடிப்படியே அதிர்ந்தது. அப்போதெல்லாம் அவள் சிரித்துக்கொண்டிருந்த காலம்.

அவர் பார்ப்பது வேறு வேலை. இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டாத வீட்டுக்குள் உங்களைக் கூட்டிக்கொண்டு போய் நடமாட விடுவார். வாசல், கூடம், சமையலறை, பால்கனியில் ஒரு பூந்தொட்டி, தொட்டிக்குப் பின்னால் சாயங்கால வெயில். எல்லாம் படம்தான். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஜனங்கள் வீடு பதிவு செய்வார்கள். இந்த வித்தைக்குக் கம்ப்யூட்டரில் கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். வெயில் எந்த ஜன்னலில் நுழையும், தரையில் பட்டு எந்தச் சுவரில் தெறிக்கும் என்று புள்ளி புள்ளியாகக் கணக்குப் போட்டு ரெண்டர் செய்து தருவது அதுதான். ஒரே ஒரு கார்டு வைத்திருப்பவன் பாடு திண்டாட்டம். ரெண்டரைத் தட்டிவிட்டால் மவுஸ் நகராது, திரை உறைந்துபோகும், முடிகிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்க்க வேண்டியதுதான். அவரும் பல வருஷம் அப்படிச் சுவரைப் பார்த்துச் சலித்தவர். கடைசியில் ஒரே பெட்டிக்குள் மூன்று கார்டுகளைச் சொருகினார். முதல் இரண்டுக்கும் ரெண்டர் செய்வதைத் தவிர வேறு வேலை கிடையாது. மூன்றாவதில் மட்டும் திரையை மாட்டித் தன் கைக்கு வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் அதுங்க பாட்டுக்கு ஓடும், இந்தப் பக்கம் இவர் பாட்டுக்கு வேலை பார்ப்பார்.

பெட்டி இருந்தது வீட்டின் சின்ன அறையில். உள்ளே போனால் அனல் அடிக்கும். மூன்று கார்டுகளின் விசிறிகளும் ஏறி இறங்கி இரைந்துகொண்டிருக்கும். அந்த அறை முன்பு அவர்கள் மகளுடையது.

காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை. ஆறு வயசுகூட முடியவில்லை. இதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

மனைவி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போன மறுநாள், சுவரில் இருந்த படங்களையெல்லாம் கழற்றித் துணியில் மூட்டையாகக் கட்டினாள். பிறகு அவர் முன்னால் வந்து நின்றாள். "இனிமே அவ முகம் என் கண்ணுல படக் கூடாதுங்க. பட்டுச்சுன்னா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன். எங்க போனேன்னு தேடவும் கூடாது." வாய்ச்சவடால் அடிக்கிற ஆளில்லை அவள். ஒரே ஒரு சொல்லுக்காகக் கூடப்பிறந்த அக்கா வீட்டு வாசலை இன்றுவரை மிதிக்காதவள். அக்கா காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் இறங்கி வரவில்லை. கார்டுக்காரருக்கு அது நன்றாகத் தெரியும். அதனால் அவள் கண்ணெதிரிலேயே போனில் இருந்ததை, கம்ப்யூட்டரில் இருந்ததை, எல்லாவற்றையும் அழித்தார்.

ஒன்றைத் தவிர. மகள் நன்றாக இருந்த நாளில், ஒரு மத்தியானம் அவளை நடு அறையில் நிற்க வைத்து, சுற்றிச் சுற்றி வந்து போனில் நூற்றுக்கும் மேல் படம் பிடித்திருந்தார். அத்தனை படங்களையும் ஒட்டவைத்தால் கம்ப்யூட்டருக்குள் முப்பரிமாண உருவம் ஒன்று எழுந்து நிற்கும். முன்னால், பின்னால், எந்தப் பக்கம் சுற்றினாலும் அவளேதான். அறையின் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஓர் ஆள் உருவத்தை நிறுத்திப் பார்ப்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் உள்ள வழக்கம். அதற்காகச் செய்தது. அதை அவரால் அழிக்க முடியவில்லை. நீங்களாக இருந்தால் மட்டும் அழித்திருப்பீர்களாக்கும்!

அதன் பிறகு அவர் கட்டாத வீடு இல்லை, அவள் போகாத வீடும் இல்லை. இரண்டு கார்டுகளும் யாரோ ஒருவருடைய கூடத்தை ரெண்டர் செய்துகொண்டிருக்கும்போது, மூன்றாவதில் அந்த வீட்டைத் திறந்து மகளைக் கொண்டுவந்து நிறுத்துவார். ஜன்னல் உயரம் சரியா என்று பார்ப்பதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு எடுத்துவிடுவார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பிறந்தநாள் வந்தபோது, போன வருஷத்து உயரமே இருக்கிறாளே என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் போகிற பிள்ளைகளை நோட்டம் விட்டுவிட்டு வந்து, மகளைக் கொஞ்சம் இழுத்து உயரமாக்கினார். முகத்தையும் கொஞ்சம் நீளமாக்கினார். அதற்கடுத்த வருஷமும் அப்படியே. இப்போது அவளுக்குப் பதினொன்று. உடம்போடு சேர்த்து அந்த ஆறு வயசுச் சட்டையும் இழுபட்டு நீண்டிருந்தது. சில சமயம் பார்க்க அவருக்கே என்னவோபோல் இருக்கும்.

தப்பு நடந்தது ஒரு புதுக் குடியிருப்புக்கான படத்தில். அதில் கேமரா வாசல் வழியாக நுழைந்து கூடம் தாண்டி, நடைவழியில் திரும்பி, பிள்ளைகள் அறையை எட்டிப் பார்த்துவிட்டுப் பால்கனிக்குப் போகும். ஓடுகிற படம் என்பது வரிசையாக ஆயிரக்கணக்கான தனிப் படங்கள்தான்; அதில் ஒரு கார்டு ஒற்றைப்படைப் படங்களையும் இன்னொரு கார்டு இரட்டைப்படைப் படங்களையும் எடுத்துக்கொள்ளும். சில படங்கள் முடிந்ததும் ஒவ்வொன்றும் வீட்டு ஃபைலைப் புதிதாகத் திறந்து அடுத்தவற்றை ஆரம்பிக்கும். அதனால்தான் கார்டுகளுக்கு எப்போதும் தனியாக ஒரு காப்பி எடுத்துக் கொடுத்துவிட்டு, தான் வேறொன்றில் வேலை பார்ப்பார். அன்றைக்கு அந்த வீடுகளைக் கட்டி விற்கிற கம்பெனியின் மேனேஜர் போனில் உயிரை எடுத்ததில் காப்பி எடுக்க மறந்துபோனார். தான் வேலை பார்க்கிற ஃபைலையே இரண்டுக்கும் கொடுத்துவிட்டார். கொடுத்துவிட்டு, வழக்கம்போல் பிள்ளைகள் அறையில், ஜன்னல் ஓரமாக, மகளைக் கொண்டுவந்து நிறுத்தினார். தன்னைப் பார்த்தமாதிரி திருப்பி வைத்தார். கை சும்மா இருக்குமா? ஒரு வேலை முடிந்தால் விரல் தானாகப் போய் சேவ் செய்துவிடும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் உள்ள வியாதி அது. அழுத்தினதுகூட அவருக்கு நினைவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளை எடுத்தார். மறுபடியும் விரல் சேவ் செய்தது.

படம் முடிந்ததும் ஆரம்பத்தைப் பார்த்தார், கடைசியைப் பார்த்தார், அனுப்பிவிட்டார். நடுவில் பார்க்கவில்லை.

மேனேஜர் மறுநாள் காலையில் கூப்பிட்டார். வாயெல்லாம் பல்லாகப் பேசுகிற ஆள், அன்றைக்குக் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். "சார், அந்தப் பொண்ணு யாரு சார்?"

"எந்தப் பொண்ணு?"

"பிள்ளைங்க ரூம்ல நிக்குதே, அதுதான். சும்மா சொல்லக் கூடாது, தத்ரூபமா இருக்கு. ஆனா எந்தப் பக்கம் நின்னு பாத்தாலும் நம்மளையேதான் பாக்குது. கண்ணே சிமிட்டலை. ஏன் சார், வேணும்னேதான் வச்சீங்களா?"

கார்டுக்காரர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே படத்தைத் திறந்து நடுவில் ஓடவிட்டார். கேமரா நடைவழியில் திரும்புகிறது. அறை காலி. ஜன்னல் ஓரத்தில் அவள் இருக்கிறாள். இல்லை. இருக்கிறாள். இல்லை. ஒரு கார்டு அவள் வந்த பிறகு ஃபைலைத் திறந்திருக்கிறது, இன்னொன்று அவள் வருவதற்கு முன்பே திறந்துவிட்டது. அதனால் இருப்பதும் மறைவதுமாகக் கொஞ்ச நேரம் துடித்தாள். பிறகு ஆடாமல் அசையாமல் நின்றாள். கேமரா அவளை நெருங்கி, தாண்டுகிற சமயத்தில் மறுபடியும் அதே துடிப்பு, அப்புறம் வெறும் ஜன்னல். காரணம் முழுக்கத் தெரிந்த மனுஷன் அவர். தெரிந்தும் முதுகுத்தண்டில் சில்லிட்டது.

"படத்தை நிறுத்துங்க சார். தப்பு நடந்துபோச்சு. வேற தர்றேன்."

"நிறுத்துறதாவது! காலையிலேருந்து சைட் ஆபீஸ் வாசல்ல பெரிய திரையில ஓடுது. அந்தப் பொண்ணைப் பாக்கத்தான் ஜனம் நிக்குது. ஒரு சின்னக் குழந்தை கைகூட ஆட்டுச்சு சார். நீங்க வேற குடுங்க, மாத்திக்கலாம். அது வரைக்கும் இது ஓடட்டும்."

அந்த சைட் ஆபீஸ் இருந்தது பெரிய சாலையில், பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிரே. மனைவி கடைக்குப் போகிற பஸ், வருகிற பஸ் இரண்டும் அங்கே நின்றுதான் போகும்.

அன்று சாயங்காலம் கார்டுக்காரர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கடை வாசலில் போய் நின்றார். மனைவி வெளியே வந்து அவரை மேலும் கீழும் பார்த்தாள். "என்னங்க, அதிசயமா இருக்கு? வழி தவறி வந்துட்டீங்களா?"

"சும்மாதான். பெரிய ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்களாம். பஸ் கிஸ்னு அலையாதேன்னுதான்."

"யார் சொன்னா?"

"சொன்னாங்க."

சந்து பொந்தெல்லாம் புகுந்து வீட்டுக்குக் கூட்டிவந்தார். மறுநாளும் போய் நின்றார். "கல்யாணம் ஆன புதுசுலகூட இந்தக் கரிசனம் இருந்ததில்லையே" என்றாள். மூன்றாம் நாள் அவர் கிளம்பும் முன்பே அவள் போன் செய்தாள். "வராதீங்க. எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கு, நான் பஸ்ஸிலேயே வந்துக்கிறேன்." காலையில் போகிற பஸ்ஸுக்கும் எதையாவது காரணம் காட்டலாமா என்று தலையைப் பிய்த்துக்கொண்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷனுக்கு எத்தனை பொய்தான் கைவசம் இருக்கும்?

இதற்கிடையில் இரண்டு கார்டுகளையும் அந்த நடுப்பகுதியைத் திரும்ப ரெண்டர் செய்ய விட்டிருந்தார். இந்தத் தடவை காப்பியை ஒன்றுக்கு நாலு தடவை சரிபார்த்துத்தான் கொடுத்தார். மூன்றாவதில் வேறொரு கம்பெனியின் அலுவலக வரவேற்பறைப் படம். அதுவும் அவசரம். நாற்காலியை நகர்த்துவார், விளக்கை மாற்றுவார், ஓரக்கண்ணால் மூலையில் ஒவ்வொன்றாக வந்து விழும் புதுப் படங்களைப் பார்ப்பார். பிள்ளைகள் அறை. ஜன்னல். வெயில். அவள் நின்ற இடத்தில் இப்போது தரை பளபளவென்று இருந்தது. ஒரு படம் வந்து விழுந்தது, ஒரு படத்திலிருந்து அவள் போனாள். அடுத்தது வந்தது, அடுத்ததிலிருந்தும் போனாள். முதல் தடவை காய்ச்சல் கொண்டுபோனது, இந்தத் தடவை நானே அனுப்புகிறேனே என்று நினைத்தார். விசிறிகள் இரைந்த இரைச்சலில் அவர் அழுதது வெளியே கேட்டிருக்காது.

பெரிய சாலைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை அவர். ஆனால் மேனேஜர் விடுவதாக இல்லை. "சார், பேசாம அவளை எல்லா ரூம்லயும் நிக்க வச்சிருங்களேன். அந்தப் பொண்ணு நிக்கிற வீடு எதுன்னு கேட்டுக்கிட்டு வர்றாங்க. ஒரு அம்மா தினமும் சாயங்காலம் வந்து நின்னு பாத்துட்டுப் போறாங்க, தெரியுமா? உள்ள வாங்கன்னா வரமாட்டேங்கிறாங்க." எந்த அம்மா, என்ன வயசு, கண்ணாடி போட்டிருக்காங்களா என்று கேட்கக் கார்டுக்காரர் வாயெடுத்தார். பதில் என்ன வருமோ என்கிற பயத்தில் கேட்காமலே போனை வைத்தார்.

புதுப் படம் தயாரானபோது பொழுது சாய்ந்திருந்தது. இந்தத் தடவை ஆரம்பம், நடு, கடைசி என்று மூச்சுவிடாமல் முழுக்கப் பார்த்தார். அறை காலியாகத்தான் இருந்தது. அனுப்புவதற்காக மேனேஜர் பெயரைத் தட்டப் போன சமயத்தில், பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அந்த அறை வாசலைத் தாண்டி மனைவி வந்ததே கிடையாது. எதுவானாலும் நிலைப்படிக்கு வெளியே நின்றுதான் பேசுவாள். இன்றைக்கு உள்ளே வந்திருந்தாள், தோளில் பையோடு.

"மாத்தி முடிச்சாச்சா?" என்றாள்.

"எதை?"

"நடிக்காதீங்க. உங்களுக்கு அது வராது. நீங்க ஸ்கூட்டரைத் தூக்கிட்டு வந்து நின்னப்பவே ஏதோ விஷயம் இருக்குன்னு தெரியும். நீங்க வராத அன்னிக்கு அந்த ஸ்டாப்புல எறங்கினேன். அப்புறம் தினமும் எறங்கினேன். படத்தை மாத்தப் போறாங்கன்னு அங்க பேசிக்கிட்டாங்க."

கார்டுக்காரர் எழுந்து நின்றார். எந்த நாளுக்காக இத்தனை வருஷம் பயந்தாரோ அது வந்தேவிட்டது. சுற்றி வளைக்காமல் கேட்டார். "கிளம்பப் போறியா?"

அவள் பையை இறக்கி வைத்துவிட்டு முக்காலியை இழுத்துப் போட்டுத் திரை முன்னால் உட்கார்ந்தாள். "அவளைக் காட்டுங்க."

அவர் காட்டினார். வெள்ளைச் சுவர், ஜன்னல், ஓரத்தில் கட்டில், நடுவில் மகள். மனைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கடையில் லென்ஸில் கீறல் பார்ப்பதுபோல முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். அவளுக்கு இப்படி ஒரு அமைதி எங்கிருந்து வந்தது என்று அவருக்குப் புரியவில்லை.

"கன்னம் ஒட்டிப்போச்சே. எங்க அக்கா ஜாடை வந்துடுச்சு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "சட்டை பத்தலை, பாருங்க. அக்குள்ல புடிக்குது."

"அன்னிக்குப் போட்டிருந்தது அதுதானேம்மா."

"பெருசு போடுங்க. ஏன் நின்னுக்கிட்டே இருக்கா?"

"நிக்க வச்சுத்தானே எடுத்தேன்."

"எத்தனை வருஷமா நிக்கிறா? எத்தனை வீட்டுல?" அவள் குரல் இப்போதுதான் உயர்ந்தது. "சோபா, கட்டில், நாற்காலின்னு வீடு வீடா அடுக்கத் தெரியுது. ஒரு வீட்டுலயாவது புள்ளையை உக்காருடி கண்ணுன்னு சொன்னீங்களா? நீங்கல்லாம் ஒரு அப்பனா?"

"உக்கார வைக்க முடியாதும்மா. இது வெறும் தோலு, உள்ள ஒண்ணும் கிடையாது. கை காலை மடக்கணும்னா எலும்பு போடணும்."

தொழிலில் அப்படித்தான் சொல்வார்கள், அவரும் அப்படித்தான் சொன்னார். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. விசிறிகள்கூட அப்போது இறங்கி ஓய்ந்திருந்தன.

"போடுங்க" என்றாள்.

போட்டார். இடுப்பில் ஆரம்பித்து முதுகு, கழுத்து, தோள் என்று ஒவ்வொன்றாக வைத்தார். காலுக்கு வந்தபோது அவள் தடுத்தாள். "முட்டி அங்க இல்ல. அவளுக்கு என் கால். இன்னும் கொஞ்சம் கீழ." தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினாள். அவர் எலும்பைக் கொஞ்சம் கீழே இறக்கினார். பிறகு மெல்ல மடக்கினார். மகள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"ஹப்பாடா" என்றாள் மனைவி, தானே வெகுநேரம் நின்றுவிட்டு உட்கார்ந்தவள் மாதிரி.

கார்டுக்காரருக்குச் சந்தோஷம் பொங்கி வந்தது. போகவில்லை, இவள் போகப்போவதில்லை! அந்த வேகத்தில் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. வந்ததிலிருந்து ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. திரையின் வெளிச்சம் விழுந்த அந்த முகத்தில் கண் சிமிட்டவில்லை. வீட்டை விட்டுப் போய்விடுவாளோ என்று இத்தனை வருஷம் பயந்தவருக்கு, இனி இந்த அறையை விட்டே போகமாட்டாளோ என்று அப்போதுதான் குலை நடுங்கியது.

போன் அடித்தது. மேனேஜர். மனைவி கை நீட்டி அதைத் துண்டித்தாள்.

"புதுப் படத்தை அனுப்பாதீங்க. அவ அங்க இருக்கட்டும். இங்கயும் இருக்கட்டும்" என்றாள். "இன்னிக்கு நல்லா உக்காந்துக்கட்டும். பாவம், கால் ஓஞ்சுபோயிருக்கும். நாளைக்கு நடக்க வைங்க."

வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். இது பொம்மைம்மா, நம்ம புள்ள இல்ல என்று சொல்லிவிட வேண்டும். வாயில் வந்தது வேறு. "நாளைக்கு அந்த ஆபீஸ் படம் குடுத்தாகணுமே" என்றார்.

"அதுக்குத்தான் ரெண்டு கார்டு இருக்கே? அதுங்க உங்க வேலையைப் பாத்துக்கும். நீங்க புள்ளையைப் பாருங்க."

எழுந்துபோய் அறைக் கதவை உள்ளேயிருந்து தாழிட்டுவிட்டு வந்து, மறுபடி அதே முக்காலியில் உட்கார்ந்தாள்.